அடைப்பதும் திறப்பதும்: கண்டிச் சீமையின் கூரைகள்

நக்கீரரின் நெடுநல்வாடையைப் பயின்றவர்கள் அதன் கூதிர்க் காட்சிகளை எளிதில் மறவார். மழையும் வாடையும் ஊரை நடுக்குகின்றன. வேனிலில் வீசிய வட்ட விசிறி மூலையில் தொங்க, அதில் சிலந்தி நூல் பின்னுகிறது. தென்றலை வரவேற்ற மேனிலைச் சாளரம் தாழிட்டுக் கிடக்கிறது. மக்கள் அகன்ற வாயுடைய கலத்தில் நெருப்பிட்டுக் குளிர் காய்கின்றனர். புலவர் இங்கே கட்டட நூல் இயற்றவில்லை. பிரிவுத் துயரின் பின்னணியைத் தீட்டுகிறார். ஆயினும், வீட்டைப் பற்றிய அடிப்படை உண்மையொன்று அக்காட்சியினுள்ளே அடங்கியிருக்கிறது. ஒரே சாளரம் ஒரு பருவத்தில் திறக்கப்பட வேண்டியது. மற்றொரு பருவத்தில் அடைக்கப்பட வேண்டியது. எதை, எப்பொழுது, எதன்பொருட்டு என்று அறிவதே மனையறிவு.

அந்த அறிவு இன்று மின்சாரக் கட்டணத்தோடும், அடுப்பு விறகோடும், குழந்தைகளின் நெஞ்சுச் சளியோடும் பிணைந்து நிற்கிறது. “பழைய வீடுகளின் பரணில் உள்ள இடுக்குகளை அடையுங்கள், எரிபொருள் மிச்சமாகும்” என்பது குளிர்நாடுகளில் ஓயாது ஒலிக்கும் அறிவுரை. அதனைக் கண்டி நகரத்துப் பழைய வீட்டுக்காரர் அப்படியே ஏற்கலாமா? தோட்டத்து லயத்தில் வாழ்பவர் ஏற்கலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றன்று.

முதலில் அவ்வறிவுரையின் காரணத்தைக் காண்போம். சூடேறிய காற்று விரிந்து இலேசாகிறது, இலேசானது மேலெழுகிறது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீடு ஒரு பெரிய புகைக்கூண்டைப் போலவே தொழிற்படுகிறது. மேற்புறத்து இடுக்குகளின் வழியே வெங்காற்று வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குக் கீழ்ப்புறத்து இடுக்குகளின் வழியே பனிக்காற்று உள்ளே நுழைகிறது. எரித்த எண்ணெயின் பயனெல்லாம் முகட்டின் வழியே வானத்துக்குப் போய்விடுகிறது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மேலைநாட்டார் இதனை உன்னிப்பாக ஆராயத் தொடங்கினர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார், ராபர்ட் சொக்கொலோ தலைமையில், 1970களில் அங்குள்ள தொடர்வீடுகளைப் பல ஆண்டுகள் அளந்தனர். பரணின் தரையில் வெப்பங் காக்கும் பஞ்சு விரித்திருந்தும், கணக்கிட்டதைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பம் பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. காரணம் யாது? கௌதம் தத் முதலிய ஆய்வாளர்கள் தேடியபோது, வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர்களின் உட்புழைகளும், குழாய்களைச் சுற்றிய இடைவெளிகளும் மறைவழிகளாய் நின்று, பஞ்சை ஏமாற்றி வெங்காற்றை மேலே கடத்துவது புலனாயிற்று. வாசற்கதவின் இடத்தில் பெரிய விசிறியொன்றைப் பொருத்தி, வீட்டின் காற்றை இழுத்து, ஒழுகும் இடங்களைக் கண்டுபிடிக்கும் முறையும் அக்காலத்திலேயே வளர்ந்தது. எவ்வளவு கனமான போர்வையும் கிழிசல் இருந்தால் குளிரைத் தாங்காது என்பதே அவர்கள் கண்ட முடிபு.

இனிக் கண்டிக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் அமைந்த நகரம் இது. ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ். இங்கே எந்த வீட்டிலும் அறையைச் சூடேற்ற எண்ணெய் எரிப்பாரில்லை. மாறாக, சித்திரை பிறக்கும் முன்னர் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும்போது, கூரையே அடுப்பாகிறது. வெங்காற்று மேலெழும் என்னும் அதே இயற்கை விதி இங்கே நமக்குக் கூறும் அறிவுரை நேர்மாறானது: முகட்டை அடைக்காதே; வெப்பத்துக்கு வழிவிடு.

இதனை நம் முன்னோர் எந்த விசிறியும் இன்றி அறிந்திருந்தனர். 1660 முதல் 1679 வரை கண்டியரசில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், குடிமக்கள் ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணம் பூசவும் அனுமதிக்கப்படவில்லை என்று 1681இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். எனவே எளியவர் கூரை வைக்கோலும் கிடுகுமாய் இருந்தது. வெப்பத்தைத் தடுத்தது, காற்றைத் தடுக்கவில்லை. அரண்மனையும் ஆலயமும் ஓட்டுக் கூரை பெற்றன. நடுவில் செங்குத்தாய் எழுந்து, இறவாரத்தில் சாய்வு தணிந்து விரியும் கண்டியக் கூரை அடைமழையை விரைந்து வடிக்கிறது. சுவருக்கு நிழல் தருகிறது. உயர்ந்த முகட்டில் வெப்பம் தங்க இடம் அளிக்கிறது. தட்டையான ஓடுகளின் எண்ணற்ற பொருத்துகளினூடே அவ்வெப்பம் கசிந்து போகிறது. கம்பளைக் காலத்து எம்பக்கே தேவாலயத்துக்குச் செல்லும் மாணவர்கள் தூண்களின் சிற்பத்தில் மயங்கி நின்றுவிடாமல், சற்றே தலை நிமிர்ந்தும் பார்க்க வேண்டும். 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்கும் அக்கூரை தச்சரின் திறனுக்கு மட்டும் சான்றன்று. காற்றோடு பகைக்காத கட்டடத்துக்கும் சான்று.

அந்த மரபைப் புதுக் காலத்தோடு இணைக்க முயன்றவர் கண்டியிலே 1918இல் பிறந்த மினெட் டி சில்வா. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தின் உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி இவரே. கண்டி மலைச்சரிவில் இவர் அமைத்த கருணாரத்ன இல்லமும், 1950களில் அரச ஊழியர்களின் தேவைகளைக் கேட்டறிந்து திட்டமிட்ட வத்தபுளுவக் குடியிருப்பும், இந்நாட்டுக் காற்றையும் நிழலையும் உள்வாங்கிய வீடுகள் எவ்வாறு இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாயின. வெளிநாட்டு வடிவத்தைப் பெயர்த்து நடுவது கட்டடக் கலை ஆகாது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து.

எனினும், இன்று கண்டித் தெருக்களில் நாம் காணும் பழைய வீடுகள் பல தம் இயல்பை இழந்துவிட்டன. ஓடு போன இடத்தில் தகரமும் அஸ்பெஸ்டோஸ் தகடும் வந்தன. சீலிங் என்று வழங்கும் உட்தட்டைத் தாழ்த்தி அடித்து, சுவர் உச்சியில் இருந்த மரப்பின்னல் காற்றுவழிகளை அடைத்துவிட்டோம். விளைவு, நண்பகலில் தகடு கொதிக்கிறது. அதன் அனல் தட்டின்மீது கதிராய்ப் பாய்கிறது. போக வழியற்ற வெங்காற்று அங்கேயே தேங்குகிறது. கீழே மின்விசிறி அவ்வனலையே சுழற்றுகிறது. இத்தகைய வீட்டில் மேலும் இடுக்கடைப்பது நோயாளிக்குப் போர்வையின்மேல் போர்வை போர்த்துவதை ஒக்கும். மருந்து வேறு. இறவாரத்தில் கீழ்க்காற்று நுழையவும் முகட்டில் மேற்காற்று வெளியேறவும் வழி திறத்தல், கூரையின் வெளிப்புறத்துக்கு வெண்மை பூசுதல், ஓட்டுக்கு அடியில் பளபளக்கும் அலுமினியத் தாள் விரித்தல் ஆகியவையே இங்குப் பயன் தருவன. உடவத்தகலே வனத்துக் குரங்குகள் கூரைமேல் நடந்து ஓட்டைக் கலைப்பதும், வௌவால் குடிபுகுவதும் கண்டியார் நன்கறிந்த தொல்லைகள். அவற்றுக்கு அஞ்சிக் காற்றுவழியைச் சாந்தால் பூசிவிடாமல், கம்பிவலை அடித்தாற் போதும். பழைய அஸ்பெஸ்டோஸ் தகட்டைத் துளைப்பதும் உடைப்பதும் மட்டும் ஆகாது; அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

கண்டி நகரத்திலேயே இதற்கு ஒரு விலக்கு உண்டு. பழைய பங்களாக்கள் விடுதிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறி, அறைகளில் குளிரூட்டி இயங்குகிறது. அங்கே புகைக்கூண்டு தலைகீழாகிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கதவடியே வழிந்தோடுகிறது. அதன் இடத்தை நிரப்ப, பலகை இடுக்குகளின் வழியே முகட்டின் வெந்நீராவிக் காற்று இறங்குகிறது. குளிரூட்டி அதனை மீண்டும் மீண்டும் உலர்த்தி ஓய்கிறது. ஆகவே, குளிரூட்டிய அறையின் தட்டில் உள்ள விளக்குத் துளைகளையும் சுவர் விளிம்புகளையும் அடைத்தே ஆக வேண்டும். ஆனால் அத்தட்டுக்கு மேலுள்ள கூரைவெளி அப்பொழுதும் மூச்சுவிட வேண்டும். அறையோடு ஒட்டிய தட்டை அடை. வானத்தோடு ஒட்டிய கூரையைத் திற. இவ்விரண்டையும் குழப்புவதாலேயே பல வீடுகளில் செலவும் பூஞ்சணமும் ஒருங்கே வளர்கின்றன.

நகரத்தைக் கடந்து, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட என மலையேறினால் நிலைமை வேறாகிறது. ஆயிரம் மீற்றர் ஏறுவதற்குள் ஆறு பாகைக்கு மேல் வெப்பநிலை குறைகிறது. 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகை; தை மாதத்து விடியலில் சில நாள் புல்லின்மேல் உறைபனி படிகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதைப் பாடநூல்கள் கூறும். அக்குளிரில் கொழுந்து பறிக்கவும் மலை வெட்டவும் தென்னாட்டிலிருந்து வந்தவர் எவ்வகைக் கூரையின்கீழ் உறங்கினர் என்பதைப் பாடநூல்கள் விரித்துரைப்பதில்லை.

அதுதான் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாய் நிற்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தகரக்கூரை. பழைய லயங்கள் பலவற்றில் உட்தட்டு கிடையாது. இடைச்சுவர் கூரைவரை எழுவதில்லை. ஒரு காம்பராவில் மூட்டிய தீயின் வெம்மை அடுத்தடுத்த காம்பராக்களின் முகட்டைத் தொட்டு வெளியேறுகிறது. சுவருக்கும் நெளிதகரத்துக்கும் இடையே பிறைபிறையாய்த் திறந்த இடுக்குகளின் வழியே மலைக்காற்று நுழைகிறது. இரவில் தகரம் குளிர்ந்து வியர்த்து, உறங்குவோர்மேல் துளித்துளியாய்ச் சொட்டுகிறது. சாக்குத் துண்டும் பழைய செய்தித்தாளும் செருகிக் குளிரோடு போராடும் தாய்மார், எந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கும் முன்னரே இடுக்கடைக்கும் கலையைக் கற்றவர்கள். குளிர்நாட்டு அறிவுரை இத்தீவில் உண்மையிலேயே பொருந்தும் இடம் இருக்குமாயின், அது மாளிகையன்று, இந்தக் காம்பராவே.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. அதே காம்பராவில், அல்லது அதனை ஒட்டிய சிறு இடத்தில், விறகடுப்பும் எரிகிறது. புகைபோக்கி இல்லாத வீட்டில் அந்த இடுக்குகளே புகைபோக்கி. அவற்றை முற்றாக அடைத்தால் குளிர் நிற்கும். புகையும் உள்ளேயே நிற்கும். அரைகுறையாய் எரியும் விறகிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை விழிக்கவிடாமலே கொல்ல வல்லது. எனவே முறை மாறலாகாது. முதலில் புகை வெளியேறத் தகுந்த புகைக்கூண்டு. அதனோடு குறைந்த விறகில் எரியும் அடுப்பு. ஒரு வாயில் விறகிட்டு இரு பானை ஏற்றும் அனகி என்னும் மண்ணடுப்பு 1980களிலிருந்து இந்நாட்டில் பரவியுள்ளது. அதன்பின் பலகையாலோ வேறு தட்டாலோ ஓர் உட்தட்டு. அதற்கும் பின்னரே இடுக்கடைப்பு. புகைக்கூண்டைச் சுற்றிய இடைவெளிக்குச் சாக்கும் தாளும் ஆகா. தகரப் பட்டையும் சாந்துமே ஏற்றவை. பழைய மின்கம்பி ஓடும் இடங்களை மின்பணியாளர் பார்த்த பின்னரே மூட வேண்டும்.

இது செலவு மிகுந்த காரியமன்று. ஆயினும் நடைபெறாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. லயக் காம்பரா அதில் வாழ்பவருக்கு உரிமையானதன்று; ஆணி அடிக்கவும் கூரையைத் திருத்தவும் தோட்ட நிர்வாகத்தின் இசைவை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தும் தன் கூரைக்குத் தான் பொறுப்பாளி ஆகாதவன், அதனைச் செப்பனிட முனைவது எவ்வாறு? தனிவீடு வேண்டும், காணி உரிமை வேண்டும் என்ற மலையகத்தின் நெடுநாளைய கோரிக்கை குளிர், புகை, விறகு ஆகிய மூன்றையும் உள்ளடக்கியதே. அதேவேளையில், புதிய தனிவீடுகளைக் கட்டுவோரும் ஒன்றை மறத்தலாகாது. தாழ்நாட்டு வெயிலுக்கு வகுத்த வரைபடத்தை மலையுச்சிக்குக் கொண்டுவந்தால், புதுச் சுவருக்குள் பழைய குளிரே குடியிருக்கும்.

எரிசக்தியை மிச்சப்படுத்துதல் என்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கென்று எண்ணுவாரும் உளர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை அனுபவித்த நாட்டில் அவ்வெண்ணம் நிலைக்காது. கண்டியைச் சுற்றியோடும் மகாவலியைப் பொல்கொல்லையில் 1976இல் திருப்பினோம். 1985இல் விக்டோரியாவில் 122 மீற்றர் உயரத்துக்கு அணையெழுப்பித் தேக்கினோம். அந்நீர் பிறக்கும் மலைகளிலேயே கிழிந்த கூரையின்கீழ் மக்கள் நடுங்குகின்றனர்; கீழே நகரத்தில் அடைபட்ட கூரையின்கீழ் விசிறிகள் வீணே சுழல்கின்றன. ஒழுகும் வீட்டுக்கு எத்தனை அணை கட்டியும் என்ன?

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாக்கலாம். எரியும் ஊதுபத்தி ஒன்று போதும். மாணவன் அதனைத் தன் வீட்டுத் தட்டின் விளிம்பிலும், கதவடியிலும், சாளர ஓரத்திலும் பிடித்துப் பார்க்கட்டும். புகை எங்கே வளைகிறது, எங்கே இழுபடுகிறது, எங்கே அசையாது நிற்கிறது என்று நண்பகலில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் குறித்து வரட்டும். கண்டி நகரத்து மாணவனின் குறிப்பும் தெல்தோட்டை மாணவனின் குறிப்பும் ஒரே வகுப்பில் அருகருகே வைக்கப்படும்போது, ஒரே இயற்கை விதி இரு வீடுகளுக்கு இரு கட்டளை இடுவதை அவர்கள் தாமே காண்பர். பிறர் கண்ட முடிபைக் கடன் வாங்குவது எளிது. பிறர் கண்ட காரணத்தை உணர்ந்து தன் மண்ணுக்குத் தகத் தெளிவதே கல்வி. அக்கல்வி நம் கூரைகளுக்கும் வந்து சேருமாக.