அமினோ அமிலங்களின் அடிப்படை அமைப்பும் பக்கச் சங்கிலியின் பங்கும்

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் தொடர்ந்து பிணைவதால் ஆனவை. உயிரினங்களின் புரதங்களில் பரவலாகக் காணப்படும் அமினோ அமிலங்கள் 20 ஆகும். அவற்றுள் பொதுவானது எது, வேறுபடுவது எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமினோ அமிலத்தின் நடுவே ஆல்ஃபா கார்பன் எனப்படும் அணு உள்ளது. கார்பன் நான்கு பிணைப்புகளை ஏற்கும் இயல்பினது. அவற்றுள் ஒன்றில் ஹைட்ரஜன் அணுவும், மற்றொன்றில் காரத்தன்மை கொண்ட அமினோ தொகுதியும், மூன்றாவதில் அமிலத்தன்மை கொண்ட கார்பாக்சில் தொகுதியும் இணைந்துள்ளன. ஆதலின் 'அமிலம்' என்னும் பெயர் இம்மூலக்கூறின் இயல்பில் ஒரு பாதியையே உணர்த்துகிறது. புரோலினில் மட்டும் பக்கச் சங்கிலி வளைந்து அமினோ தொகுதியின் நைட்ரஜனோடு கூடி வளையமாகிறது.

ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறிப் பெப்டைடு பிணைப்பு உருவாகிறது. இவ்வாறு பொதுத் தொகுதிகள் இரண்டும் பிணைப்பில் அடங்கிவிடுவதால், புரதத்தின் தனித்தன்மையை நான்காம் பிணைப்பில் அமைந்த பக்கச் சங்கிலிகளும் அவற்றின் வரிசையுமே தீர்மானிக்கின்றன. கிளைசினில் அவ்விடத்தில் இருப்பது ஹைட்ரஜன் அணு மட்டுமே. அலனினில் மெத்தில் தொகுதி. குளூட்டாமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி எதிர்மின்சுமையுடையது, நீரை நாடுவது. வாலினுடையதோ மின்சுமையற்றது, நீரை விலக்குவது.

இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அரிவாள் உயிரணுச் சோகையில் ஆறாம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறியிருப்பதை 1957இல் வெர்னான் இங்கிரம் வெளிப்படுத்தினார். ஆக்சிஜன் நீங்கிய நிலையில் இந்த வாலின் அண்டை மூலக்கூறின் குழிவில் ஒட்டிக்கொள்கிறது. ஹீமோகுளோபின் இழைகளாகத் திரள்கிறது. சிவப்பணு அரிவாள் வடிவம் எய்தி நுண்குழாய்களை அடைக்கிறது.

இம்மரபியல்பு நீலகிரிப் பழங்குடியினரிடையே உள்ளமையை லேமனும் கட்புஷும் 1952இலேயே எடுத்துரைத்தனர். பெற்றோர் இருவரும் இதனைச் சுமப்போராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1 ஆகும். எனவே ஒரு பக்கச் சங்கிலியின் மாற்றத்தைத் தெளிந்த தமிழில் விளக்குவது வகுப்பறைத் தேவை மட்டுமன்று. குருதிச் சோதனையின் முடிவைக் கையில் ஏந்தி நிற்கும் குடும்பத்தின் தேவையுமாகும்.