வலை ஒன்று, குற்றம் பல

கொட்டியாரக் குடாவின் கரையிலே மீனவன் ஒருவன் தன் வலையை மணலில் உலரவிட்டுச் சென்றிருக்கிறான். மற்றொருவன் அதனைக் களவாடிச் செல்கிறான். மறுவாரம் அதே விலையுள்ள வேறொரு வலை, கரையோரத்து வாடியொன்றினுள்ளிருந்து களவு போகின்றது. எடுத்தவனுக்கு இரண்டும் ஒன்றே. சட்டத்துக்கு அப்படியன்று. மணலிற் கிடந்ததை எடுத்தவனுக்கு மூன்று ஆண்டு வரை மறியல், அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வாடிக்குள் எடுத்தவனுக்கோ மறியல் ஏழு ஆண்டு வரை நீளலாம், குற்றப்பணமும் உண்டு.

இவ்வேறுபாட்டை வகுத்திருப்பது, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய தண்டனைச் சட்டக்கோவை. இது 1885ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மெக்காலேயின் தலைமையில் வரையப்பெற்று, 1860இல் இந்தியாவில் நிறைவேறிய கோவையே இதற்கு முன்மாதிரி. இந்தியா 2024இல் அதனைக் கைவிட்டுவிட்டது. தாய் மறைந்த பின்னும் சேய் இங்கே வாழ்கிறது.

அரசு, பொது அமைதி, மனித உடல், ஆதனம் என, தீங்குற்றது எதுவென்பதைக் கொண்டே கோவை குற்றங்களைப் பெரும்பிரிவுகளாக்குகிறது. தண்டனைகளாவன மரணம், கடூழிய மறியல், சாதாரண மறியல், ஆதனப் பறிமுதல், குற்றப்பணம் என்பன. சவுக்கடி 2005இல் நீக்கப்பட்டது. மரண தண்டனை தீர்ப்பில் இருப்பினும், 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

ஆதனப் பிரிவிலேதான் கோவையின் நுட்பம் நன்கு புலப்படும். கட்டடமாயினும் கூடாரமாயினும் மரக்கலமாயினும், மனிதர் வாழவோ பொருளைக் காக்கவோ பயன்படுவதாயின் அதற்குள் நிகழும் களவு கனத்ததாகிறது. அவ்வலையையே அடிப்பதாக அச்சுறுத்திப் பறித்தால் அது களவன்று, கொள்ளை. கடூழியம் பத்து ஆண்டு வரை. பொழுது சாய்ந்து விடியுமுன் நிகழ்ந்ததாயின் பதினான்கு வரை. இனி, மூதூருக்குக் கொண்டுசெல்லுமாறு வலையை நம்பி ஒப்படைக்க, தோணிக்காரனே அதை விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி. சரக்கேற்றுவோன், இறங்குதுறைக் காப்பாளன், பண்டகசாலைக் காப்பாளன் ஆகிய மூவரையும் கோவை ஒரே பிரிவிற் பெயர்சுட்டி, ஏனையோரினும் கடுமையாகத் தண்டிக்கிறது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊரவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இவையெல்லாம் உச்ச வரம்புகளே. அதற்குட்பட்ட அளவை நீதிபதியே நிருணயிப்பார். வலை எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்கும் கோவை, அது எத்தனை வயிறுகளுக்குச் சோறிட்டது என்று கேட்பதில்லை. இது ஒரு குறையே. அக்கேள்வி, நீதிமன்றத்திலே எவரேனும் எடுத்துச் சொன்னால் மட்டுமே எழும்.

களவுக்கு நேர்மையற்ற எண்ணமும் வேண்டும். அருகருகே உலரும் ஒரேவகை வலைகளுள் ஒன்றைத் தனதென்று மெய்யாகவே நம்பி அள்ளிச் சென்றவன் கள்வனல்லன். உண்மை தெரிந்த பின்னும் அதைத் தன் வள்ளத்திலேயே வைத்துக்கொண்டு கடலுக்குப் போவானாயின், வேறொரு பிரிவு அவனுக்காகத் திறந்திருக்கிறது.