திரையில் நெய்யும் கரியிழை

1981ஆம் ஆண்டில், ஜான் பர்னார்டு என்னும் வடிவமைப்பாளரின் சிந்தனையில் உருவாகி, அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனத்தார் செய்து கொடுத்த கார்பன் ஃபைபர் உடற்கூட்டோடு மெக்லாரன் எம்.பி.4/1 என்ற பந்தயக் கார் ஓடுதளத்தில் இறங்கியபோது, அந்த அபூர்வமான பொருளைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே. ஏனெனில் அதன்மேல் சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசி மூடியிருந்தார்கள். அதே ஆண்டில் மோன்ஸா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் தடுப்பில் மோதி, எஞ்சின் தனியே பிய்த்துக்கொண்டு போன பின்னும் அவர் தம் கால்களால் நடந்து வெளியேறினார் என்ற செய்திதான் அதன் உறுதியை உலகறியச் செய்தது. இன்றோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. வர்ணத்தின் எடையைக்கூட மிச்சப்படுத்த வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பந்தயக் காரின் பெரும்பகுதியை வெறும் கார்பனாகவே விட்டிருந்தார்கள்; எடையைப் பற்றி யாதொரு கவலையும் இல்லாத கைப்பேசி உறை முதல் கைக்கடிகாரம் வரையில், அந்தக் கறுப்பு நெசவு வெளியே தெரிய வேண்டும் என்றே இப்போது மக்கள் ஆசைப்படுகிறார்கள்.

இவ்வாறு ஆசையோடு வாங்கப்படும் பொருள்களில் பல, தொழிற்சாலையில் உருப்பெறுவதற்கு முன்பே கணினித் திரையில் உருப்பெற்றுவிடுகின்றன. பொருளின் வடிவத்தையும், மேற்பரப்பின் குணத்தையும், விளக்கு நிற்கும் இடத்தையும் கணினிக்குச் சொன்னால், கிரணங்கள் செல்லும் வழியைக் கணக்கிட்டு அது ஒரு சித்திரத்தைத் தருகிறது. இதைத்தான் ரெண்டரிங் என்கிறார்கள். வடிவமைப்பாளன் தன் யோசனையைச் சோதிப்பதும், வாங்குபவர் பல லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதும் இந்தச் சித்திரத்தைப் பார்த்துத்தான் என்பதால், அது உண்மையாக இருப்பது அழகின் விஷயம் மட்டுமன்று, நாணயத்தின் விஷயமும் ஆகும். ஆனால் மரத்தையும் பித்தளையையும் நம்பும்படி வரையத் தெரிந்தவர்கள்கூடக் கார்பன் ஃபைபரிடம் வந்ததும் தடுமாறிவிடுகிறார்கள். நெசவின் புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்து வடிவத்தின்மேல் ஒட்டிவிட்டால் போதும் என்று அவர்கள் கருதுவதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கார்பன் ஃபைபர் தகட்டின் சிறிய துண்டு ஒன்றைச் சன்னலருகே பிடித்துச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான கற்றைகள் பாவாகவும் ஊடையாகவும் அதில் ஓடுகின்றன. வழக்கமான கற்றை ஒன்றில் 3,000 இழைகள். ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய 7 மைக்ரோமீட்டர், அதாவது தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு. ட்வில் நெசவில் ஒரு கற்றை இரண்டின்மேல் ஏறி, இரண்டின்கீழ் நுழைந்து செல்ல, அடுத்த கற்றை ஓரிடம் தள்ளி அதையே செய்வதால் சாய்ந்த வரிகள் உண்டாகின்றன. இப்போது பாவுக் கற்றைகள் வெள்ளிபோல் மின்னுகின்றன, ஊடைக் கற்றைகள் கன்னங்கரேலென்று கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். துண்டைக் கால் வட்டம் திருப்புங்கள். மின்னியவை இருண்டு, இருண்டவை மின்னத் தொடங்கும்.

இரண்டும் ஒரே கரி. சாயத்தில் அணுவளவும் வேற்றுமை இல்லை. வேற்றுமை முழுவதும் திசையில் இருக்கிறது. இழை என்பது உருண்ட மெல்லிய தண்டு; அதன்மேல் விழும் கிரணம், நிலைக்கண்ணாடியில் பட்டதைப் போல ஒரே வழியில் திரும்பாமல், இழையையே அச்சாகக் கொண்டு கூம்பாக விரிகிறது. ஆகவே விளக்குக்கும் கண்ணுக்கும் குறுக்காகக் கிடக்கும் இழைகள் பலவேறு கோணங்களிலும் ஒளிர்கின்றன. விளக்கின் பக்கமிருந்து கண்ணை நோக்கி நீளவாட்டில் ஓடும் இழைகளோ, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சிட்டு, மற்ற வேளையெல்லாம் இருளில் மூழ்கிவிடுகின்றன. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் வைத்து நெய்த மயில்கழுத்துப் பட்டை மடித்தும் விரித்தும் பார்த்தவர்களுக்கு இந்த ஜாலம் புதிதாகத் தோன்றாது. அங்கே இரண்டு நிறங்கள் செய்யும் வேலையை இங்கே இரண்டு திசைகளே செய்துவிடுகின்றன என்பதுதான் விசேஷம்.

புகைப்படத்தை ஒட்டுவதில் உள்ள குற்றம் இப்போது புலப்படும். படம் எடுத்த நேரத்தில் விளக்கு எங்கே இருந்ததோ, அந்த ஒளி அப்படத்தில் உறைந்து கிடக்கிறது. காரின் பானெட் எப்படி வளைந்தாலும், பார்ப்பவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும், அதே கட்டங்கள் வெளுத்தும் அதே கட்டங்கள் கறுத்தும் நிற்க, கார்பன் ஃபைபருக்குப் பதிலாகக் கார்பன் ஃபைபர் அச்சிட்ட ஸ்டிக்கரே சித்திரத்தில் வந்து அமர்கிறது.

கணித நூலோர் இந்தச் சூட்சுமத்தை நெடுநாளைக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார்கள். 1975இல் பூய் டுவாங் போங் தந்த சூத்திரம் வழவழப்பான பரப்பின் பளபளப்பைக் காட்டிற்று. 1978இல் ஜேம்ஸ் பிளின் மேடுபள்ளங்களைப் பாவனையாகக் காட்டும் வழியைச் சொன்னார். திசைக்குத் திசை மாறும் பிரதிபலிப்பை 1985இல் ஜேம்ஸ் கஜியாவும், 1992இல் கிரெகரி வார்டும் எடுத்துக்கொண்டார்கள். மனிதத் தலைமயிரின் ஒளியை 2003இல் தம் சகாக்களுடன் விளக்கிய ஸ்டீவ் மார்ஷ்னர், 2012இல் பிட்டி இராவனோடு சேர்ந்து நெய்த துணியின் பளபளப்பையும் விளக்கினார். அதே 2012இல் டிஸ்னி ஸ்டுடியோவின் பிரென்ட் பர்லி, அனைசோட்ரோபி எனப்படும் திசைக்குணத்தையும், கிளியர்கோட் எனப்படும் மேற்பூச்சையும் ஒரே ஷேடரில், அதாவது பரப்பு ஒளியை எப்படித் திருப்பும் என்று கணினிக்குச் சொல்லும் விதியில், சௌகரியமாக அடக்கி வெளியிட்டார். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் இன்று எந்த மாணவனும் கையாளக்கூடிய பிரின்ஸிப்பிள்டு ஷேடர் அந்த வழியில் வந்ததே.

அதைக் கையாளும் முறையில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. அனைசோட்ரோபியின் திசையைக் குறிக்கும் எண் பிளெண்டரில் 1 ஆனால் முழு வட்டம். ஆகவே பாவுக்கு 0 என்றும், ஊடைக்கு 0.25 என்றும் கொடுத்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும். இந்த இரண்டு எண்களையும் டெக்ஸ்சர் எனப்படும், பரப்பின்மேல் போர்த்தும் ஒரே படத்தில் கறுப்புக் கட்டமாகவும் சாம்பல் கட்டமாகவும் எழுதி ஷேடருக்கு அனுப்புவது பலருடைய வழக்கம். அருகில் அது சரியாகவே தோன்றும். ஆனால் பொருள் தூரத்துக்குப் போனதும் கணினி அக்கட்டங்களைச் சராசரியாக்குகிறது, 0க்கும் 0.25க்கும் இடையே 0.125, அதாவது 45 பாகைத் திசை பிறக்கிறது. அந்தத் திசையில் ஓர் இழைகூட அத்துணியில் கிடையாது! அதைவிடப் பாவுக்கு ஒரு ஷேடர், ஊடைக்கு ஒரு ஷேடர் என்று இரண்டாக அமைத்து, நான்குக்கு நான்கு கட்டமுள்ள கறுப்பு வெள்ளை முகமூடிப் படம் ஒன்றால் அவற்றைக் கலப்பதே உத்தமம். அப்போது எவ்வளவு தூரம் போனாலும் சராசரியாவது இரண்டு ஒளிகளே அன்றித் திசைகள் அல்ல. விளக்கொளி சிலுவை வடிவில் இரு பக்கமும் நீண்டு, உண்மையான கார்பன் பலகை பத்தடி தூரத்தில் எப்படித் தோன்றுமோ அப்படியே தோன்றும்.

நிற்க, இழைகளின்மேல் ரெஸினும் வார்னிஷும் சேர்ந்த தெளிந்த படலம் ஒன்று உண்டு. அந்தப் படலம் ஒரு தனி உலகம். நேரே நோக்கும்போது அது நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியையே திருப்பினாலும், சாய்ந்து நோக்க நோக்கக் கண்ணாடியாகவே மாறிவிடுகிறது. சன்னலின் சட்டம் அதில் கூர்மையாகத் தெரிய, அதற்கு அடியில் நெசவின் ஒளி மங்கலாகப் பரவிக் கிடப்பதுதான் இப்பொருளுக்கு ஆழத்தைத் தருகிறது. நெசவின் மேடுபள்ளத்தைச் சொல்லும் நார்மல் மேப்பை இந்தப் படலத்துக்கும் சேர்த்து மாட்டிவிடுவது மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. சன்னலின் பிரதிபிம்பம் துண்டு துண்டாகச் சிதறி, தேய்த்து மெருகேற்றிய பலகை கைக்குச் சொரசொரப்பதுபோல் ஆகிவிடும். நெசவின் நார்மல் கீழடுக்குக்கு மட்டுமே உரியது; மேலடுக்குக்கு வேண்டுமானால் வார்னிஷில் இயல்பாக இருக்கும் மிக மெல்லிய அலையைக் கொடுக்கலாம்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2 மில்லிமீட்டர்க் கற்றை என்றால் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள பானெட்டில் 750 கற்றைகள் வரும். ஆனால் நெசவு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆவலில் அதை நூறாகக் குறைத்துவிட, கார் பொம்மைக் காராகச் சுருங்கிப்போவதை எத்தனையோ சித்திரங்களில் காண்கிறோம். அதைவிட நுண்ணியது துணி படியும் விதம். அச்சின்மேல் துணியை விரித்துப் படியவைக்கும் தொழிலாளியின் கையில், இரு பக்கமும் வளைந்த இடங்களில் பாவும் ஊடையும் செங்கோணத்தை விட்டுக் கொஞ்சம் சரிகின்றன. ட்வில் நெசவு வளைவுகளில் நன்றாகப் படிவது அது இலகுவாகச் சரிந்து கொடுப்பதால்தான். உயர்ந்த வேலைப்பாட்டில் நடுக்கோட்டில் துணியைச் சேர்த்து, இடப்புறத்துச் சாய்வரிகளும் வலப்புறத்துச் சாய்வரிகளும் எதிரெதிராகச் சந்திக்கும்படி வைப்பார்கள். டெக்ஸ்சர் படிவதற்காகப் பரப்பைக் கத்தரித்துத் தட்டையாக்கும் யூ.வி. விரிப்பவன், அந்தத் தொழிலாளி கத்தரிக்கும் இடத்திலேயே கத்தரித்து, அவன் இழுக்கும் திசையிலேயே இழுத்தால், பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாமலே சித்திரத்தை நம்புவார். தொழிற்கூடத்துக்குப் போய் ஒரு நாள் அந்த வேலையைப் பார்த்து வருவது, நூறு டெக்ஸ்சர்களைத் திரட்டி வைப்பதைவிட அதிகப் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

2010ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் லம்போர்கினி நிறுவனத்தார் செஸ்டோ எலமென்டோ என்ற காரைக் காட்டியபோது, நெசவே இல்லாத மற்றொரு வகை கார்பன் பிரசித்தமாயிற்று. இழைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ரெஸினோடு சேர்த்து அச்சில் அழுத்துவதால் உண்டாகும் ஃபோர்ஜ்டு கார்பன் அது. ஒழுங்கான கட்டங்களுக்குப் பதிலாக, பளிங்கில் காணும் திட்டுக்களைப் போன்ற துண்டுகள் அதில் தாறுமாறாகக் கிடக்கின்றன. நெசவின் புகைப்படத்தையே நம்பியிருந்தவன் இதற்கென்று வேறொரு புகைப்படத்தைத் தேடிப் புறப்பட வேண்டியதுதான். இழையின் திசையை அறிந்தவனோ, வோரோனாய் டெக்ஸ்சரைக் கொண்டு பரப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தன்போக்கான ஒரு கோணத்தை அனைசோட்ரோபியின் திசையாகக் கொடுத்து, அதே வார்னிஷ் படலத்தை மேலே பூசி, அன்று மாலைக்குள் வேலையை முடித்துவிடுவான்.