காடு, சுகாதாரம், சாலை: சங்கப் பலகையில் மூன்று தாள்கள்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடுவதற்காகக் களக்காட்டுப் பக்கம் செல்லும்போதெல்லாம் நம் கண் முதலில் மேற்கு மலையின் மீதுதான் செல்கிறது. மலையடியில் வாழைத் தோட்டங்கள். அவற்றுக்கு இப்பால் வயலும் குளமும். அதற்கும் இப்பால் தறியோசை கேட்கும் தெருக்கள். மலையில் மழை பெய்தால் குளம் நிறைகிறது. குளம் நிறைந்தால் வயல் விளைகிறது. வயல் விளைந்தால் புடவை விலைபோகிறது. இந்த உண்மையை நமது அங்கத்தினர்களுக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மழைக்காலத்தில் அடிவாரத்திலுள்ள ஒரு சங்கத்தில் ஆய்வை முடித்துக்கொண்டு புறப்படும் சமயம், முதிய அங்கத்தினர் ஒருவர் வந்தார். வீட்டில் ஒரு தறி. மலையை ஒட்டிச் சிறிது வாழை. “ஐயா, பன்றி புகுந்து ஏத்தன் கன்று அத்தனையையும் கிளறிப் போட்டுவிட்டது. பன்றியைச் சுட அரசாங்கம் உத்தரவு போட்டிருப்பதாகப் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி சொல்கிறார். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?” என்று கேட்டார்.

நமக்கும் அது செவிவழிச் செய்தியாகவே இருந்தது. செயலாளர் எழுந்து சென்று அறிவிப்புப் பலகையில் தேடினார். ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருந்த தாள்களுள் ஐந்தாறுக்கு அடியில் அந்தச் செய்தி இருந்தது. படித்துச் சொன்னோம். அவர் தோட்டத்திற்கும் காப்புக்காட்டின் எல்லைக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் தூரங்கூட இராது. ஆகவே சுடும் உத்தரவு அவருக்குப் பொருந்தாது. நிவாரணம் கோரி வனத்துறைக்கு மனுச் செய்வதே அவருக்குரிய வழி. ஆனால் அவரோ சேதமான கன்றுகளை வாரி எறிந்துவிட்டு நிலத்தைத் திருத்தி மறுநடவும் முடித்துவிட்டார். அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

அவர் நம்மைக் குறை கூறவில்லை. எனினும் நம் மனம் குறுகுறுத்தது. ஏனெனில் அதற்கு முந்திய ஆய்வுக் குறிப்பில், “அறிவிப்புப் பலகை ஒழுங்காக உள்ளது” என்று எழுதிக் கையெழுத்திட்டவர் நாமே. பலகை ஒழுங்காகத்தான் இருந்தது; தாள்களும் இருந்தன. படிப்பார்தாம் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நிகழ்ச்சியே. காட்டைப் பற்றியும், சுகாதாரத்தைப் பற்றியும், சாலையைப் பற்றியும் மாவட்டத்திலிருந்து அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றில் நமக்கு உள்ளது என்ன என்பதைச் சிறிது பார்ப்போம்.

காடு

முண்டந்துறைக் காடு 1962-ஆம் ஆண்டில் புலிகளுக்காகச் சரணாலயமாயிற்று. களக்காட்டுக் காடு 1976-ஆம் ஆண்டில் சிங்கவால் குரங்குகளைக் காப்பதற்காகச் சரணாலயமாயிற்று. இரண்டையும் இணைத்து 1988-ஆம் ஆண்டில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. இதன் மையப் பகுதியின் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர்.

புலிக்கும் குரங்கிற்கும் இவ்வளவு இடமா என்று கேட்பவர் உண்டு. அவர்கள் பச்சையாற்றைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். களக்காட்டு மலையில் பிறந்து, வயல்களையும் குளங்களையும் நிரப்பி, தருவை அருகே தாமிரபரணியில் கலக்கும் ஆறு அது. சோலைக்காட்டின் சருகும் வேரும் மண்ணும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழை ஓய்ந்த பின்பும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. மரம் அழிந்த மலையில் பெய்யும் மழையோ ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ந்து மறுவாரமே வறண்டுவிடுகிறது. புலி வாழும் காடு நமக்குத் தண்ணீர்ப் பத்தாயம் என்று கொள்ளுதல் தகும்.

அந்தப் பத்தாயத்தைக் காத்ததில் நம் மக்களுக்கும் பங்குண்டு. முற்காலத்தில் அடிவார ஊர்களின் பெண்கள் விடியுமுன் மலையேறி, விறகுக் கட்டைத் தலையில் சுமந்து இறங்குவார்கள். கஞ்சி காய்ச்சவும் சோறு ஆக்கவும் அதுவே எரிபொருள்; பலருக்கு அதுவே கூலி. 1990-களின் நடுவில் உலக வங்கியின் உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் இங்கே தொடங்கியது. ஊர்தோறும் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. காட்டை நம்பிய குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கெனச் சிறு கடன் கொடுத்து, அது திரும்பி வந்ததும் அடுத்த குடும்பத்திற்குக் கொடுக்கும் சுழல்நிதி முறை கையாளப்பட்டது. ஒருவர் திருப்பிச் செலுத்தும் பணம் மற்றொருவருக்குக் கடனாவதுதானே நமது கூட்டுறவின் அடிப்படை? பெயர் வேறாயினும் வனக் குழுவும் நம் சங்கமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

ஆயினும் காட்டை ஒட்டி வாழ்வதில் இழப்பும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பன்றியின் தொல்லை அத்தகையது. 2025 ஜனவரியில் தமிழக அரசு பிறப்பித்த உத்தரவு தூரத்தை அளவுகோலாகக் கொண்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம்; அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினரே செய்ய வேண்டும், விவசாயி அல்ல. இந்த அளவின்படி பார்த்தால், மலையடி விவசாயிக்குத்தான் தொல்லை அதிகம். அவருக்கே இந்த உத்தரவால் உதவி குறைவு. அத்தகையோர் நிவாரண முறையையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே சேதம் கண்டவுடன் நிலத்தைத் திருத்தாமல், படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அதிகாரிகள் பார்வையிடும்வரை பொறுப்பது நலம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. அது சட்டத்திற்கு விரோதம்; பன்றிக்கு வைத்தது இரவில் நீர் பாய்ச்ச வரும் மனிதரையும் கொல்லும்.

சுகாதாரம்

இந்தியாவிலேயே பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் முதன்முதல் கண்டது நமது மாகாணம். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அது. மருந்தினால் மட்டும் நோய் ஒழிவதில்லை, தண்ணீரும் தெருவும் தூய்மையானாலே ஒழியும் என்பது அதன் உட்கருத்து.

இதற்கு நெசவாளர் பெருமைப்படத்தக்க சான்று ஒன்று உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் நோயை நம் பாட்டன்மார் அறிவர். முழ நீளத்திற்கும் மேற்பட்ட புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். பாதிக்கப்பட்டவர் வாரக்கணக்கில் தறியில் அமர முடியாது, ஏர் பிடிக்க முடியாது. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. மக்கள் இறங்கி நின்று நீர் மொள்ளும் படிக்கிணறுகளே அதன் இருப்பிடம். அக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள். குடிநீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கச் செய்தார்கள். நோயைச் சுமந்த நுண்ணிய நீர்ப்பூச்சி துணியில் தங்கிவிட்டது. 1984-ஆம் ஆண்டில் தமிழகம் அந்நோயிலிருந்து விடுபட்டது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் விடுபட்டதாகச் சான்று பெற்றது. ஒரு முழத் துணியும் ஒரு நல்ல பழக்கமும் ஒரு நோயையே வேரறுத்தன.

இன்று நம் வாசலில் நிற்பது டெங்கு. அதைப் பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை நீர்த்தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் அதன் குலம் அறுபடும். நெசவாளர் வீடுகளில் கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு: மழையில் ஊறல் எடுக்கும் குழித்தறியின் குழி, நூல் நனைக்கும் தொட்டி, முற்றத்தில் கிடக்கும் பழைய பீப்பாய். தோட்டக்காரருக்கு மருந்தடிக்கும் வாளியும் தேங்காய்ச் சிரட்டையும்.

மற்றொன்று, ஓசையின்றி வரும் நோய்களாகிய சர்க்கரையும் இரத்த அழுத்தமும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்நோய்களுக்கான மாத்திரை வீட்டிற்கே வருகிறது. நாள் முழுதும் தறியில் அமர்ந்திருப்பவர், “எனக்கு என்ன நோய்?” என்று சோதனைக்கே வர மறுப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சங்கத்தில் கூலி பட்டுவாடா செய்யும் நாளில் சுகாதாரப் பணியாளரை அழைத்து அங்கேயே சோதிக்கச் செய்தால் என்ன? செலவு ஒன்றும் இல்லை. ஒரு தீர்மானம் போதும்.

சாலை

களக்காட்டு ஏத்தன் குலைகள் மலையாள நாட்டுச் சந்தைக்குச் செல்பவை. குழியில் விழுந்து எழுந்து செல்லும் வண்டியில் காய் உராய்ந்து கறுக்கிறது. கறுத்த காய்க்கு விலை குறைகிறது. தோட்டத்திலிருந்து பெருஞ்சாலை வரையுள்ள இரண்டு மைலில் விவசாயி இழப்பதை, சந்தையில் எத்தனை பேரம் பேசியும் மீட்க முடியாது. நூல் மூட்டையும் நெய்த புடவையும் அதே வழியில்தான் செல்கின்றன. பிரசவத்திற்குச் செல்லும் பெண்ணும் அதே வழியில்தான்.

சாலை கெட்டால் எல்லோரும் புலம்புகிறோம். மனுவை மட்டும் தவறான வாசலில் கொடுக்கிறோம். ஊராட்சிச் சாலையும் ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவை. மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. எது எதனுடையது என்று அறியாமல் எழுதிய மனு மேசைக்கு மேசை மாறியே பழுப்பேறும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டுக் காலம் அதைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அவ்விவரம் சாலையோரப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பலகையில் ஆடு கட்டுவதோடு நின்றுவிடாமல் அதைப் படிக்கவும் வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இம்மாவட்டம் எளிதில் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுபட்டன. தண்ணீர் போகும் வழியை அடைத்துப் போட்ட சாலையைத் தண்ணீரே உடைத்துக்கொண்டு செல்லும். உடையாவிட்டால் ஒரு புறம் தேங்கி வாழையை அழுகச் செய்யும், கொசுவையும் வளர்க்கும். சிறுபாலம் எங்கே வேண்டும் என்பதை வரைபடம் வரைபவரைவிட வாய்க்காலில் நீர் திருப்புபவர் நன்கு அறிவார். வேலை தொடங்கும் முன் அவர் வாய் திறக்க வேண்டும். தார் இறுகிய பின் சொல்லிப் பயன் இல்லை.

மூன்றும் ஒன்றாகும் இடம்

முன்னாளில் சாலையையும் ஆஸ்பத்திரியையும் ஜில்லா போர்டு என்ற ஒரே சபை கவனித்து வந்தது. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்திற்குப் பின் அந்தப் போர்டுகள் மறைந்தன, ஒன்றியங்கள் தோன்றின, வேலைகள் பல துறைகளுக்குப் பிரிந்தன. காடு என்றுமே தனித்துறை. ஆகவே இன்று மூன்று அலுவலகங்களிலிருந்து மூன்று தாள்கள் வருகின்றன. ஒன்று மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை. காடும் நீரும் நோயும் சாலையும் ஒன்றாகக் கூடுமிடம் நம் வயலும் நம் தெருவுமே. ஆதலால் அத்தாள்களைச் சேர்த்துப் படிக்கும் வேலையும் நம்முடையதே. பாவும் ஊடையும் வெவ்வேறாகத்தான் வருகின்றன. துணியாக்குவது தறியில் இருப்பவர் அல்லவா?

கேட்பதற்குரிய இடங்களும் உண்டு. சிங்கிகுளம், பத்மநேரி போன்ற ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய அது, 2022 முதல் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22, உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை கூடுவதாயிற்று. களக்காடு 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்ந்தமையால் அங்கே கிராம சபை இல்லை. நகர மக்களுக்குப் பகுதி சபை முறை வகுக்கப்பட்டுள்ளது. வாய்மொழிக்கு விடை கிடைக்காவிடில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுத்தில் கேட்கலாம். முப்பது நாளில் விடை தரவேண்டும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றே. மாதக் கூட்டத்தில் கணக்கு வாசித்ததும், அம்மாதம் வந்த அரசாங்கச் செய்திகளையும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதை அங்கேயே பேசி, நடவடிக்கைப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதட்டும். எழுத்தறியாதவர் காதால் கேட்பார். அறிந்தவர் மறந்தது நினைவுக்கு வரும்.

நாமும் ஒரு திருத்தம் செய்துகொண்டோம். பலகை ஒழுங்காக உள்ளது என்று எழுதுவதை விட்டுவிட்டோம். சென்ற மாதம் வந்த தாளில் என்ன இருந்தது என்று எதிரே இருக்கும் அங்கத்தினரைக் கேட்டு, அவர் சொல்லும் விடையையே குறிப்பில் எழுதி வருகிறோம். அந்த முதியவரின் மறுநடவு இப்போது வேர் பிடித்திருக்கிறது. மறுபடி பன்றி வந்தால் முதலில் எந்த அலுவலகத்தின் வாசலை மிதிக்க வேண்டும் என்பது இனி அவருக்குத் தெரியும். அவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிக்கும் தெரியும்.