ஓட்டத்தில் பிறந்த நிதி

தர்ம காரியங்களுக்குப் பொருள் திரட்டும் வழிகள் பல. உண்டி ஏந்துதலும், நாடகம் நடத்துதலும், சந்தாப் புஸ்தகத்துடன் வீடுதோறும் செல்லுதலும் நம்மவர் நெடுங்காலமாக அறிந்தவை. வைத்திய ஆராய்ச்சிக்கென்று ஜனங்களை வீதியில் ஓடச் செய்து நிதி சேர்க்கும் வழக்கமோ பிற்காலத்தது. இன்று நம் நகரங்களிலும் ஞாயிறு காலைகளில் இத்தகைய ஓட்டங்கள் மலிந்திருக்கின்றன. இவற்றைக் கண்டு, "ஓடுவதற்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்? கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாகாதா?" என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுமுன், புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் பல தேசங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டமொன்று தோன்றிய வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கானடா தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வளர்ந்தவர் டெர்ரி பாக்ஸ் என்னும் வாலிபர். 1958-ம் ஆண்டில் பிறந்த அவர், சைமன் பிரேசர் சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோது வலது முழங்காலில் வலி கண்டது. அது எலும்பைப் பற்றிய புற்றுநோய் என்று வைத்தியர்கள் கண்டனர். 1977-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் முழங்காலுக்கு மேல் கால் துண்டிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 18. சஸ்திர சிகிச்சைக்கு முந்திய இரவில், கால் இழந்த ஒருவர் நியூயார்க் நகரத்து மாரத்தான் ஓட்டத்தில் ஓடி முடித்த செய்தியை அவர் ஒரு பத்திரிகையில் படிக்க நேர்ந்தது. அப்பொழுதே அவர் உள்ளத்தில் ஒரு வித்து விழுந்தது.

எனினும் அவரை வீதிக்கு இழுத்தது அச்செய்தி மட்டுமன்று. காலை வெட்டிய பின் அவர் பல மாதங்கள் மருந்து சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குச் சென்றுவர நேர்ந்தது. அங்கே தம்மினும் இளைய பிள்ளைகள் துடிப்பதையும், நேற்றிருந்தவர் இன்று இல்லாமற் போவதையும் நேரிற் கண்டார். மற்றொன்றையும் அங்கே அறிந்தார். அவருக்கு நேர்ந்த நோயிலிருந்து தப்புவோர் நூற்றுக்கு 50 பேர் என்றும், இரண்டே ஆண்டுகளுக்கு முன் அந்நோய் கண்டவரில் தப்பக்கூடியவர் நூற்றுக்கு 15 பேரே என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலுள்ள முப்பத்தைந்து உயிர்களை மீட்டது எது? ஆராய்ச்சியன்றி வேறில்லை. இந்தக் கணக்கே அவரை ஓட வைத்தது.

அந்தக் கணக்கில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே நினைவூட்டுவது நம் கடமை. எலும்புப் புற்றுநோய்க்கு 1970-களில் வந்த புதிய சிகிச்சையின் முக்கிய மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அதனை 1940-களில் அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். மகாத்மாவின் சொல்லை ஏற்றுக் கதராடை அணிந்து சிகிச்சைக் கூடத்துக்குச் சென்றதால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். தகுதியுடன் வெளியேறியவர். அவருடைய குழு ஆக்கிய மருந்துகளைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர் முதலில் பரீக்ஷித்தார். சுப்பாராவ் 1948-ல் காலமானார். தம் மருந்து எலும்பில் வந்த நோயையும் எதிர்த்து நிற்கும் என்பதை அவர் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், உண்டவர் எங்கோ, முப்பது ஆண்டுகளுக்குப் பின், முகமறியாத பிள்ளைகள். ஆராய்ச்சி என்னும் தர்மத்தின் இயல்பு இதுவே.

டெர்ரி பாக்ஸ் தம் சரீரத்தைப் பழக்க 14 மாதங்கள் எடுத்துக்கொண்டார். 1979-ல் அவர் முதன்முதலாகக் கலந்துகொண்ட நீண்ட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாகவே வந்து சேர்ந்தார். அதற்கு அவர் நாணவில்லை. 1980-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, கீழ்க்கோடியிலுள்ள செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் தமது செயற்கைக் காலை அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் நனைத்துக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பசிபிக் கரை வரை ஓடுவதே எண்ணம். நாளொன்றுக்குச் சுமார் 26 மைல். நல்ல காலால் இரு தத்து, செயற்கைக் காலால் ஓர் அடி என்ற விதத்தில் அவர் ஓட்டம் அமைந்தது. நண்பர் ஒருவர் வண்டியோட்டிக்கொண்டு உடன் வந்தார். ஆரம்ப நாட்களில் பனியும் மழையும் வரவேற்றனவேயன்றி மனிதர் அதிகமாக வரவேற்கவில்லை. ஆயினும் நியூபவுண்ட்லாந்தில் சுமார் 10,000 பேர் வாழும் போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிற்றூர், 10,000 டாலருக்கு மேல் திரட்டி அவர் கையில் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! கானடாவின் அன்றைய ஜனத்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். ஆகவே ஆளுக்கு ஒரு டாலர் என்பதையே அவர் தம் இலக்காகக் கொண்டார்.

ஒண்டேரியோ மாகாணத்தை அவர் அடைந்தபோது தேசமே விழித்துக்கொண்டது. ஆனால் ஓட்டம் முடியவில்லை. செப்டம்பர் 1-ந் தேதி, 143-வது நாளில், தண்டர் பே நகருக்கு அருகில் இருமலும் மார்வலியும் அவரை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை அவர் கடந்திருந்த தூரம் 3,339 மைல். அவர் நின்ற பிறகே நிதி பெருகியது. 1981 பிப்ரவரியில் அது 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தொட்டது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 28-ந் தேதி, 23 வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், அவர் உயிர் நீத்தார்.

அவருடைய தைரியம் உலகறிந்தது. அதைக் காட்டிலும் நம்மவர் கவனிக்கத்தக்கது அவர் பொருளைக் கையாண்ட முறை. வண்டியும் எண்ணெயும் காலணியும் சில கம்பெனிகள் கொடுத்தன. தங்கள் சரக்கைப் புகழ்ந்து பேசவேண்டும் என்று நிபந்தனை விதித்தவர்களையோ அவர் ஏற்கவில்லை. தம் ஓட்டத்தால் எவரும் லாபம் அடையலாகாது, வந்த காசு ஆராய்ச்சிக்கே சேரவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓட்டம் நடத்துவதாக, புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த இஸடோர் ஷார்ப் என்ற ஹோட்டல் முதலாளி தந்தி மூலம் வாக்களித்தார். அதிலும் போட்டியில்லை, வெற்றியாளர் இல்லை, பரிசு இல்லை என்பது ஏற்பாடு. 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் சேர்த்தனர். நுழைவுக் கட்டணமும் கம்பெனி விளம்பரமும் இல்லாத இவ்வோட்டங்களால் இன்றுவரை திரண்ட தொகை 80 கோடி டாலருக்கு மேற்பட்டது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் இவ்வோட்டம் நடைபெற்றிருக்கிறது.

இனி முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். கொடுப்பதைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாகாதா? இருக்கலாம். ஆனால் புற்றுநோய் நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாத பெயர். "கட்டி" என்பர், "அந்த வியாதி" என்பர், நோயாளிக்கே தெரியாமல் மறைப்பர், பெண்ணுக்கு வரன் பார்க்கையில் தாயின் நோயை ஒளிப்பர். மறைத்த நோய் முற்றிய பின்னரே வைத்தியரிடம் வருகிறது. ஆயிரம் பேர் ஒன்றுகூடி அப்பெயரை மார்பில் எழுதிக்கொண்டு பட்டப்பகலில் வீதியில் ஓடும்போது, அந்த மௌனம் உடைகிறது. வீட்டிலிருந்து அனுப்பும் காசு ஆஸ்பத்திரியின் பெட்டியை நிரப்பலாம். திண்ணையில் ஒளிந்திருக்கும் அச்சத்தை அது விரட்டாது. ஓட்டத்தின் பயன் இது.

ஆனால் ஓட்டத்தின் பெயரால் நடக்கும் ஆரவாரங்கள் எல்லாம் இப்பயனைத் தருவனவல்ல என்பதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கட்டணம் பெரிது, சட்டையின் முதுகு முழுவதும் வியாபார முத்திரைகள், மேடை, ஒலிபெருக்கி, பரிசுக் கோப்பை ஆகியவற்றின் செலவு போக, நோயாளிக்கோ ஆராய்ச்சிக்கோ எஞ்சியது எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. இத்தகைய நிலை எங்கே இருப்பினும் அது தர்மம் ஆகாது. தர்மத்தின் வேஷம் அணிந்த விளம்பரமே ஆகும். ஓட்டம் நடத்தும் சங்கங்கள் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இன்ன ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது இவ்வளவு என்று ஒரு மாதத்துக்குள் ஜனங்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும். ஓடுவோரும் பெயர் கொடுக்குமுன் அதைக் கேட்கவேண்டும். கேட்பது அவமதிப்பன்று, கொடுப்பவரின் உரிமை.

பொறுமையும் வேண்டும். டெர்ரி பாக்ஸுக்கு நேர்ந்த நோயில் இன்று பெரும்பாலோருக்குக் காலை வெட்டாமலே சிகிச்சை செய்ய முடிகிறது. பரவுமுன் கண்டறிந்தால் மூவரில் ஏறக்குறைய இருவர் பிழைக்கின்றனர். ஆயினும் 1980-களுக்குப் பின் அக்கணக்கு அதிகமாக ஏறவில்லை. பரவிய பின் வருவோரின் நிலை இன்னும் கஷ்டமானதே. ஆகவே ஒரு ஞாயிறு ஓடிவிட்டு, அடுத்த ஆண்டே பலன் எங்கே என்று கேட்பது பொருந்தாது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறர் பிள்ளைக்கு உதவும் மருந்துக்கு இன்று காசு கொடுக்க மனம் வருமா என்பதே கேள்வி. கதராடையுடன் கல்லூரி வாயிலைத் தாண்டிய சுப்பாராவும், ஒற்றைக் காலால் ஒரு தேசத்தின் பாதிக்கு மேல் கடந்த வாலிபரும் அதற்கு விடை கூறிவிட்டனர். நமது விடையை நாம் கூறவேண்டும். கூறும்போது கணக்குப் புஸ்தகத்தையும் திறந்து வைத்துக் கூறவேண்டும்.