அயல்நாட்டு யந்திரத்தில் அம்மாவுக்குக் கடிதம்

தஞ்சைச் சீமையிலிருந்து வெளிநாடு புறப்படும் பிள்ளையின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் நம் ஊரே குடியிருக்கும். கும்பகோணத்துக் காப்பிப் பொடி ஒரு மூலையில். உப்பு நார்த்தங்காய் ஒரு மூலையில். அப்பளமும் வடாமும் நொறுங்காமலிருக்க வேஷ்டிக்குள்ளே சுற்றி வைத்தபடி நடுவில். "அங்கே இதெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது?" என்பது தாயாரின் கவலை. கணினி என்று வரும்போது மட்டும், "அதை அங்கேயே வாங்கிக் கொண்டால் போயிற்று" என்று குடும்பத்தார் அனைவரும் ஏகமனதாகத் தீர்மானித்து விடுகிறார்கள். காப்பிப் பொடிக்காகப் பட்ட கவலையில் காற்பங்கு கணினிக்காகப் பட்டிருந்தால், பிற்பாடு எத்தனையோ சங்கடங்கள் நேராமல் இருக்கும்.

போன இடம் பிரான்ஸ் என்று வைத்துக்கொள்வோம், அல்லது ஜெர்மனி, அல்லது ஜப்பான். முதல் சம்பளத்தில் ஒரு புதிய கணினி வீட்டுக்கு வருகிறது. திறந்தவுடன் அது உள்ளூர்ப் பாஷையில் ஏதோ கேட்கிறது. சம்மதமா, சம்மதமில்லையா என்று தெரியாமலே சம்மதம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. போகட்டும் என்று எழுத உட்கார்ந்தால், பழகிய விரல் 'ஏ' என்று தட்டிய இடத்தில் திரையில் 'க்யூ' என்று விழுகிறது. யந்திரம் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. பழுது ஒன்றுமில்லை. யந்திரம் தன் தேசாசாரப்படி நடந்து கொள்கிறது, அவ்வளவுதான்.

காவிரிக் கரையில் ஒரு பிரெஞ்சு மூலை

பிரெஞ்சுப் பாஷை நம் பிரதேசத்துக்கு முற்றிலும் புதிதன்று. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954-இல் அது இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது; 1962-இல் அந்த மாற்றம் சட்டபூர்வமாகப் பூர்த்தியாயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல இன்று பிரான்ஸிலே வாழ்கின்றன. அவர்கள் வீட்டுக் கணினியின் விசைப்பலகை பிரெஞ்சுப் பலகைதான். ஆகவே, காரைக்காலில் இருக்கும் பாட்டிக்கும் பாரிஸில் இருக்கும் பேரனுக்கும் நடுவே நிற்கும் இந்தப் பிரச்னை, நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும் பிரச்னையே.

பிரெஞ்சுப் பலகையில் 'ஏ'யும் 'க்யூ'வும் இடம் மாறியிருக்கும். 'இஸட்'டும் 'டபிள்யூ'வும் அப்படியே. 'எம்' என்ற எழுத்து 'எல்'லுக்கு வலப்பக்கம் போய்விட்டிருக்கும். எண்களை அடிப்பதற்கும், சாதாரண முற்றுப்புள்ளி வைப்பதற்கும்கூட ஷிப்ட் விசையை அழுத்தியாக வேண்டும்! ஜெர்மன் பலகையில் 'ஒய்'யும் 'இஸட்'டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கொடுத்திருக்கும். மின்னஞ்சல் முகவரியின் நடுவே வரும் சுழித்த 'அட்' குறியை அதில் கண்டுபிடிப்பதற்குள் புதியவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வலது ஆல்ட் விசையையும் 'க்யூ'வையும் சேர்த்து அழுத்தினால் அது கிடைக்கும். ஜப்பானியப் பலகையிலோ அந்தக் குறிக்கு 'பி'க்கு வலப்பக்கத்தில் தனி விசையே உண்டு. ஆனால் இடைவெளி விடும் நீண்ட விசை குறுகி, அதன் இரு பக்கமும் ஜப்பானிய எழுத்துக்களை மாற்றித் தரும் விசைகள் நிற்கும்.

இதில் நகைப்புக்கு மட்டுமல்ல, நஷ்டத்துக்கும் இடமுண்டு. பாங்குக் கணக்கின் ரகசியச் சொல்லைத் தட்டும்போது எழுத்துக்குப் பதில் புள்ளிகளே தெரியும். 'ஒய்' உள்ள சொல்லை ஜெர்மன் பலகையில் பழக்கத்தின்படி மூன்று முறை தட்டினால் மூன்று முறையும் தவறு. அதன் பிறகு கணக்குக்கே பூட்டு விழலாம்.

யந்திரத்துக்குத் தாய்ப்பாஷை உண்டா?

இங்கே ஓர் உண்மையை அறிந்துகொண்டால் பயம் பாதி தீரும். விசையின் மீது எழுதியிருக்கும் எழுத்து வெறும் வர்ணப் பூச்சு. விசையைத் தட்டும்போது பலகை உள்ளே அனுப்புவது எழுத்தையன்று. "இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது" என்ற ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டால், பிரெஞ்சுப் பலகை ஆங்கிலம் பேசும். ஜெர்மன் பலகை தமிழ் பேசும். பிறந்த ஊர் எதுவானாலும் யந்திரத்துக்குத் தாய்ப்பாஷை என்பது கிடையாது. வாங்கியவர் பாஷையே அதன் பாஷை.

ஆகவே ஒரு கணினியில் மூன்று பாஷைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். பலகையின் மேல் அச்சிட்ட பாஷை ஒன்று; அதை மாற்ற முடியாது. எழுத்தை விழச் செய்யும் பாஷை இரண்டாவது. அதை ஒரு நிமிஷத்தில் மாற்றலாம். திரையில் கட்டளைகளும் அறிவிப்புகளும் தோன்றும் பாஷை மூன்றாவது. அதைப் பெரும்பாலும் மாற்றலாம், சில சமயம் மாற்ற இயலாது.

அந்தச் "சில சமயம்" எது என்று வாங்கும் முன்பே விசாரிப்பது நலம். விண்டோஸ் ஏற்பாட்டில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்ற மலிவுப் பதிப்பு ஒன்றுண்டு. பெயரே சொல்வதுபோல் அது ஏகபாஷா விரதம் பூண்டது; திரையின் பாஷையை மாற்ற அது இடம் தராது. மற்றப் பதிப்புகளில் வேண்டிய பாஷையை இணையத்திலிருந்து இறக்கிக் கொள்ளலாம். திரை முழுவதும் தமிழிலேயே தோன்றச் செய்வதற்கும் வழியுண்டு.

இன்னும் சில விஷயங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே எந்தப் பலகை வேண்டும் என்று சில உற்பத்தியாளர்கள் கேட்பார்கள். அந்தச் சௌகரியத்தை நழுவவிடக் கூடாது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம் நாட்டில் 230. கணினிக்கு மின்சாரம் தரும் சிறு பெட்டியின் மீது 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் ஊர் திரும்பியபின் இங்கேயும் உபயோகிக்கலாம். செருகும் முனை மட்டும் வேறாக இருக்கும். உத்தரவாதம் வாங்கிய தேசத்துக்கு மட்டுமா, எல்லாத் தேசங்களுக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரையில் புரியாத பாஷையே தெரிகிறதென்றால், ஆங்கிலத் திரையுள்ள அதே வகைக் கணினி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல உபாயம். பட்டியலில் அங்கே மூன்றாவதாக நிற்கும் வரி பெரும்பாலும் இங்கேயும் மூன்றாவதாகத்தான் நிற்கும்.

நகரா விசையின் கதை

நிற்க. அயல்நாட்டு யந்திரத்தைத் தமிழுக்குப் பழக்கும் வேலை நேற்று ஆரம்பித்ததன்று. அதன் பழைய அத்தியாயம் ஒன்று நம் காவிரிப் பிரதேசத்திலேயே நடந்தது. ஜெர்மானியரான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே அவர் நிறுவிய அச்சுக்கூடத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துக்களை வார்த்து அனுப்பினார்கள். 1713-இல் தமிழ் அச்சு வேலை தொடங்கியது. தமிழ் அறியாதார் வார்த்த அந்த எழுத்துக்கள் மிகப் பெரியவையாக இருந்தபடியால் காகிதத்தை விழுங்கின. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக் கொண்டார்கள். அயலார் செய்த யந்திரத்தை நம் மண்ணில் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது அன்றைக்கே தெரிந்துபோன பாடம்.

அடுத்த அத்தியாயம் கடல் கடந்து நடந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா 1907-இல் மலாயாவுக்குப் பிழைக்கச் சென்றவர். சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இங்கிலீஷுக்காக ஏற்பட்ட தட்டெழுத்து யந்திரத்தில் தமிழின் 247 எழுத்துக்களை எப்படி அடக்குவது என்று ஆராய்ந்தார். சில விசைகளைத் தட்டினால் குறி மட்டும் விழும், காகிதம் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். இந்த "நகரா விசை" உபாயத்தைக் கையாண்டு அவர் வகுத்த யந்திரம் ஜெர்மனியில் தயாராகித் தமிழருக்கு வந்து சேர்ந்தது. இன்று பிரெஞ்சுப் பலகையில் கூரைக் குறியைத் தட்டியதும் ஒன்றும் தோன்றவில்லையே என்று திகைக்கிறவர்கள் கலங்க வேண்டாம். அதுவும் நகரா விசையே. அடுத்த எழுத்தைத் தட்டினால் அதன் தலைமேல் கூரை வந்து அமரும்.

கணினி யுகத்திலும் கடல் கடந்த தமிழர் பலர் இந்தத் தொண்டில் முன் நின்றார்கள். கனடாவில் கி. சீனிவாசன் 1984-இல் "ஆதமி"யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் "முரசு"வையும் உருவாக்கினர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி "கணியன்" கண்டார். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்நின்று நடத்த, 1998 பொங்கலன்று தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றும் "மதுரைத் திட்டம்" ஆரம்பமாயிற்று. தனிமையில் தம் பாஷைக்காக ஏங்கியவர்கள் ஏங்கியதோடு நிற்காமல் வேலை செய்தார்கள்.

ஆயினும் அந்நாட்களில் ஒரு பெரிய குறை இருந்தது. ஆளுக்கொரு எழுத்துருவும் உருவுக்கொரு எண்முறையுமாக இருந்தபடியால், டொராண்டோவில் தட்டிய கடிதம் திருவாரூரில் திறக்கும்போது கேள்விக்குறிகளும் சதுரங்களுமாகக் காட்சியளிக்கும். இதற்குப் பரிகாரமாக உலக பாஷைகளின் எழுத்துக்களுக்கெல்லாம் பொதுவான எண் தரும் யூனிகோடு முறை ஏற்பட்டது. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. 2000-ஆம் ஆண்டு வந்த விண்டோஸிலிருந்து அது சாதாரணக் கணினிகளில் புழங்கத் தொடங்கியது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு "தமிழ்99" என்ற விசைப்பலகை முறையை அங்கீகரித்தது.

நான்கே தட்டு

தமிழ்99 முறையில் உயிரெழுத்துக்கள் இடப்புறம் வீற்றிருக்கும். மெய்யெழுத்துக்களுக்குப் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். "அம்மா" என்று எழுத வேண்டுமா? அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத் தட்டினால் போதும். இரட்டித்து வரும் மெய்யில் முதலாவதன் தலையில் புள்ளியை யந்திரமே வைத்துக்கொள்ளும்.

மற்றொரு விசேஷம்: இதில் விரலுக்கு இடம்தான் முக்கியமே தவிர, மேலே அச்சிட்ட எழுத்தன்று. 'எல்'லுக்கு வலப்பக்கத்து விசையில் பிரெஞ்சுப் பலகையில் 'எம்' என்றும், ஜெர்மன் பலகையில் இரு புள்ளி சூடிய 'ஓ' என்றும், ஜப்பானியப் பலகையில் அரைப்புள்ளி என்றும் அச்சிட்டிருக்கும். தமிழ்99-இல் அது எங்கும் 'ந'தான். ஒரு முறை பழகிவிட்ட விரலுக்கு உலகமெல்லாம் ஒரே ஊர். விண்டோஸ் கணினிகளிலும் ஆப்பிள் கணினிகளிலும் இந்த வசதி இப்போது உடன் வருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸில் அதன் சின்னமுள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி, பாஷைக்குப் பாஷை தாவலாம்.

"எதற்காக இவ்வளவு பிரயாசை? தொலைபேசியில் முகம் பார்த்தே பேசலாமே!" என்று சிலர் கேட்கலாம். பேசட்டும்; பேச வேண்டியதுதான். ஆனால் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எழுதிய கடிதங்களை இன்னும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் பலர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளோ பெரிய பட்டங்கள் பெற்று, ஆயிரக்கணக்கான யூரோ விலையுள்ள யந்திரத்தின் முன் அமர்ந்து, "சௌக்கியமா?" என்பதை ஆங்கில எழுத்துக்களில் தட்டி அனுப்புகிறார்கள். தமிழ் எழுத்து மட்டுமே அறிந்த பாட்டி அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டிப் படித்துக் கேட்கிறாள். பேரன் தனக்கென்று எழுதியதைப் பிறர் வாயால் கேட்கும் அந்தக் கிழவியின் மனம் என்ன பாடுபடும்!

அயல்தேசத்தில் பிறக்கும் குழந்தைகளின் காரியம் இதைவிட முக்கியமானது. தமிழ் என்பது காதால் கேட்கும் சத்தம் மட்டும் என்று அவை நினைத்து வளருமானால், அதற்கு அடுத்த தலைமுறையில் அந்தச் சத்தமும் ஓய்ந்துவிடும். தகப்பனாரும் தாயாரும் தினமும் தட்டும் பலகையிலே 'அ' எங்கே இருக்கிறது என்று காட்டுவது, அந்தக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் விஜயதசமி அல்லவா?

ஆகவே, வெளிநாடு புறப்படும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே: யந்திரத்தை எந்தத் தேசத்தில் வேண்டுமானாலும் வாங்கிக் கொள்ளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, வேறெந்த வேலையும் தொடங்குமுன், தமிழை அதில் ஏற்றிவிடுங்கள். முதன்முதலாக அதில் எழுதுவது உத்தியோக விண்ணப்பமாக வேண்டாம். அம்மாவுக்கு நாலு வரி தமிழில் எழுதுங்கள். பெட்டியில் எடுத்துப்போன காப்பிப் பொடி இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். இது தீராது.