நுரையீரலில் நிலாக் கோட்டை ஏன்?

திருவண்ணாமலையிலிருந்து ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி.க்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறவர்கள் உண்டு. கீமோ தொடங்கிய சில நாட்களில் வெள்ளணுக்கள் சரியும். கிருமியை விழுங்கும் நியூட்ரோஃபில்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கி, அப்படியே நீடித்தால் ஆபத்து. வைக்கோலிலும் மண்ணிலும் பழங்கட்டடத் தூசியிலும் இருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் வெறும் 2-3 மைக்ரான். நாம் எல்லோரும் தினமும் அவற்றைச் சுவாசிக்கிறோம். இவர்களுக்கோ அவை நுரையீரலில் முளைத்துவிடுகின்றன.

ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அதில் ஒரு வெள்ளை முடிச்சு, சுற்றிலும் மங்கலான வளையம். பௌர்ணமி கிரிவலத்தில் அண்ணாந்து பார்த்து, “நிலா கோட்டை கட்டியிருக்கு” என்போமே, அதே தோற்றம். பூஞ்சை இழைகள் ரத்தக்குழாயைத் துளைத்து அடைக்க, நடுவில் திசு சாகிறது; சுற்றிலும் ரத்தம் கசிகிறது. அந்தக் கசிவுதான் வளையம். சில நாட்களில் மறைந்துவிடும் என்பதால் ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது.

பூஞ்சையைக் கொல்லும் வோரிகோனசோல் மருந்தைத் தொடங்கிய பிறகும் முதல் வாரத்தில் முடிச்சு பெரிதாகலாம். அதைப் பார்த்ததும் மருந்து பலிக்கவில்லை என்று குடும்பம் இடிந்துபோக வேண்டாம். வெள்ளணுக்கள் மீண்டதும் செத்த திசு சுருங்கி விலக, இடைவெளியில் காற்று பிறைபோல் நிற்கும். பெரும்பாலும் அது உடல் தேறும் அறிகுறி. ஆனாலும் அந்த நாட்களில் இருமலில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.